கண் கோடு வரைகிறதா?

முதலில் ஒரு சின்ன வேலை. கண்ணாடி முன்னாடி போய் நில்லுங்கள். உங்கள் இடது கண்ணைப் பாருங்கள். அப்புறம் வலது கண்ணைப் பாருங்கள். மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது தெரிகிறதா?

தெரியாது. நூறு தடவை செய்தாலும் தெரியாது. எப்போது பார்த்தாலும் கண் ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். இப்போது பக்கத்தில் இருக்கும் தம்பியையோ ரூம்மேட்டையோ கூப்பிட்டு உங்கள் கண்ணைக் கவனிக்கச் சொல்லுங்கள். "அதான் இங்கயும் அங்கயும் குதிக்குதே" என்பான். ஊருக்கே தெரிவது நமக்கு மட்டும் தெரியாது. கண் தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையை அமுக்கி வைத்துவிடுகிறது.

1890களின் கடைசியில் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பென்னோ எர்ட்மன் என்ற பேராசிரியரோடு சேர்ந்து வாசிப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ரேமண்ட் டாட்ஜ் என்ற அமெரிக்கர் கவனித்த விஷயம் இது. சின்ன விளையாட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கண்ணின் அசைவைப் பற்றி மனிதர்கள் பல நூறு வருஷம் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இதற்குள் இருக்கிறது. நம் கண் என்ன செய்கிறது என்று நமக்கே தெரியாது. தெரியாத இடத்தில் அழகான கதைகளைப் போட்டு நிரப்பிக்கொண்டோம்.

பி.காம் படிக்கிற பையனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான் :-) எங்களுக்கு விளம்பரவியல் என்று ஒரு பேப்பர் உண்டு. அந்த நோட்ஸில் ஒரு வரி: "வளைந்த கோடுகள் பார்ப்பவரின் கண்ணைத் தம்மோடு இழுத்துச் செல்லும், அதனால்தான் வளைவான பாட்டில் மனதில் பதிகிறது." அதாவது பாட்டிலின் ஓரத்தின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போகிறதாம், அந்தப் பயணத்திலேயே வடிவம் மனதில் ஏறிவிடுகிறதாம். படித்ததும் சரி என்றுதான் பட்டது. என் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். கண் ஓரத்தின் மேல் போவது போலவே 'உணர்ந்தேன்'. அப்புறம் இந்த வரி எங்கேயிருந்து வந்தது என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அந்த வரியின் கொள்ளுத்தாத்தா ஒரு ஓவியர். வில்லியம் ஹோகார்த், லண்டன். 1753ல் அழகை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். பாம்பு மாதிரி நெளியும் கோடுதான் அழகின் கோடு என்பது அவர் கட்சி. ஏன் என்றால், அது கண்ணை ஒரு துரத்தல் விளையாட்டுக்கு இழுக்கிறது, துரத்துவதில் மனதுக்கு ஒரு சுகம் இருக்கிறது என்றார். அதற்கு நாற்பது சொச்சம் வருஷம் முன்னால், 1709ல், ஜார்ஜ் பெர்க்லி என்ற தத்துவஞானி வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்தார். தூரம், அளவு இதெல்லாம் கண் நேரடியாகக் காண்பதில்லை, தொடு உணர்ச்சியோடும் கண்ணைத் திருப்பும்போது உண்டாகும் உணர்ச்சியோடும் சேர்த்துப் பழகித்தான் கற்றுக்கொள்கிறோம் என்பது அவர் வாதம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இருட்டில் ஒரு பானையை விரலால் தடவி வடிவம் தெரிந்துகொள்வது போல, கண் தூரத்திலிருந்தே பொருளின் ஓரத்தைத் தடவுகிறது. கண் என்பது நீளமான விரல்!

(இவர்களுக்கெல்லாம் 700 வருஷம் முன்னால், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கெய்ரோவில் இருந்த இப்னு அல்-ஹைதம் ஒன்று சொல்லியிருக்கிறார். ஒரே பார்வையில் பொருளின் மேலோட்டமான தோற்றம்தான் கிடைக்கும், நுணுக்கம் தெரிய வேண்டுமானால் பார்வையின் நடுப்பகுதியைப் பொருளின் ஒவ்வொரு பாகத்தின் மேலும் கொண்டுபோக வேண்டும் என்று. இன்றைக்கும் அதில் தப்பு கண்டுபிடிப்பது கஷ்டம். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த அளவு இடம்தான் நமக்கு எந்த நேரத்திலும் கூர்மையாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் மங்கல்.)

19ஆம் நூற்றாண்டில் இந்த விரல் கதை ஒரு முழு அறிவியல் கோட்பாடாகவே ஆகிவிட்டது. விழித்திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு 'இட அடையாளம்' உண்டு, அந்தப் புள்ளியில் விழுந்த ஒளியை நடுவுக்குக் கொண்டுவர கண் எவ்வளவு திரும்ப வேண்டுமோ அதுதான் அந்த அடையாளம் என்றார் ஹெர்மன் லோட்ஸே. வில்ஹெல்ம் வுண்ட், அதாவது 1879ல் லைப்ஸிக்கில் உளவியலுக்கென்று ஆய்வுக்கூடம் தொடங்கியவர், இன்னும் ஒரு படி மேலே போனார். கண் தசைகளின் முயற்சியைத்தான் நாம் நீளமாக உணர்கிறோம் என்பது அவர் எண்ணம். சம நீளமுள்ள இரண்டு கோடுகளில் நிற்கும் கோடு படுத்திருக்கும் கோட்டைவிட நீளமாகத் தெரிகிறதே, ஏன்? கண்ணை மேலே கீழே ஆட்டுவது பக்கவாட்டில் ஆட்டுவதைவிடச் சிரமம், அதனால்தான் என்றார். மெல்லிய வளைவுகள் ஏன் அழகாக இருக்கின்றன? கண் தசைக்கு அந்தப் பாதை இயல்பாக, சுகமாக இருக்கிறது. எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா?

உண்மையில் இந்தக் கதைக்கு எதிராக ஒரு வலுவான சாட்சி 1841லேயே வந்துவிட்டது. அதற்கு மூன்று வருஷம் முன்புதான் சார்லஸ் வீட்ஸ்டன் தன் ஸ்டீரியோஸ்கோப்பை உலகுக்குக் காட்டியிருந்தார். இரண்டு தட்டைப் படங்களை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினால் ஒரு கனமான உருவம் எழுந்து நிற்கும். கண் படத்தின் பல பாகங்களுக்கும் ஓடி ஓடிப் போவதால்தான் அந்தக் கன உருவம் கிடைக்கிறது என்று எர்ன்ஸ்ட் ப்ரூக்கே விளக்கம் சொன்னார். ஹைன்ரிஹ் டோவே என்ற இயற்பியல்காரர் என்ன செய்தார் என்றால், அறையை இருட்டாக்கிவிட்டு ஒரே ஒரு மின்பொறி வெளிச்சத்தில் படங்களைக் காட்டினார். கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு துளிகூட இல்லாத வெளிச்சம். கண் அசைவதற்கு நேரமே கிடையாது. ஆனாலும் உருவம் கனமாகவே தெரிந்தது.

இது போதாதா? போதவில்லை. ஒரு கதை மனதுக்கு ரொம்பப் பிடித்துவிட்டால் ஒரு பொறியால் அதை எரிக்க முடியாது. 'அசையாமலும் தெரிகிறது, சரி, ஆனால் முதலில் கற்றுக்கொண்டது அசைவால்தானே' என்று சமாளித்துவிடலாம். கண் உண்மையிலேயே எப்படி நகர்கிறது என்று யாராவது பதிவு செய்து காட்டினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்.

முதல் பதிவு கண்ணால் அல்ல, காதால் கிடைத்தது. 1879ல் எவால்ட் ஹெரிங் மூடிய இமையின் மேல் ரப்பர் குழாய்களை வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். படிக்கும்போது கண் தசைகளிலிருந்து விட்டுவிட்டு ஒரு சத்தம். பாரிஸில் எமீல் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் லாமார் என்பவரும் இமையோடு குழாய் வைத்து இதே மாதிரி கேட்டார். வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போகவில்லை. தாவுகிறது, நிற்கிறது, தாவுகிறது, நிற்கிறது. பல பாடப்புத்தகங்கள் இதை ஜவாலின் கண்டுபிடிப்பு என்றே எழுதிவந்தன. பிற்பாடு நிக்கோலஸ் வேட், பெஞ்சமின் டாட்லர் என்ற இரண்டு பேர் பழைய கட்டுரைகளை எல்லாம் தேடிப் படித்து, காதில் கேட்டவர்கள் லாமாரும் ஹெரிங்கும்தான் என்று காட்டினார்கள். லேபுக்குச் சொந்தக்காரர் பெயர்தான் நிற்கும் என்பது உலக வழக்கம் போல. ஜவாலைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வாழ்நாளெல்லாம் கண்ணையே ஆராய்ந்த அந்த மனிதர் க்ளாக்கோமா வந்து 1900ல் முழுசாகப் பார்வை இழந்தார். அதன் பிறகு பார்வையற்றவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார், 1903ல்.

அடுத்த கட்டம் கொஞ்சம் கொடூரம். இளகிய மனசுக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 1884ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற டாக்டர், கண்ணில் கோக்கெய்ன் சொட்டு விட்டால் மரத்துப்போகும் என்று கண்டுபிடித்திருந்தார். கண் ஆபரேஷனுக்கு அது வரப்பிரசாதம். 1898ல் அமெரிக்காவில் இரண்டு பேர் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள். ப்ரௌன் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் டெலபார், க்ளார்க் பல்கலைக்கழகத்தில் எட்மண்ட் ஹ்யூயி. கண்ணை மரக்க வைத்து, கருவிழி மேலேயே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த ஒரு குட்டி மூடியை ஒட்டினார்கள். பார்ப்பதற்கு நடுவில் ஓட்டை. மூடியிலிருந்து ஒரு கம்பி அல்லது நூல், அதன் முனையில் ஒரு முள், முள்ளுக்குக் கீழே புகைக்கரி பூசிய சுழலும் உருளை. கண் திரும்பினால் முள் கரியில் கீறும். டெலபார் இதைத் தன் சொந்தக் கண்ணிலேயே மாட்டிக்கொண்டார். நான் ஒரு தூசி விழுந்தாலே அரை மணி நேரம் புலம்புகிறவன்.

கீறல்களும் அதையேதான் சொல்லின. தாவல், நிற்றல். ஆனால் பிளாஸ்டரைச் சுமந்த கண் இயல்பாகவா நகரும் என்ற சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்தவர் நம்ம கண்ணாடி டாட்ஜ். 1901ல் தாமஸ் க்ளைன் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, கார்னியாவில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சப் புள்ளியை, மெல்லக் கீழே இறங்கும் போட்டோ தகட்டில் பதிவு செய்தார். கண்ணில் எதையும் ஒட்ட வேண்டாம். கோக்கெய்னும் வேண்டாம்.

இப்போது இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

ஜார்ஜ் மால்கம் ஸ்ட்ராட்டன். கலிபோர்னியாக்காரர். லைப்ஸிக் போய் வுண்டிடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். உலகமே தலைகீழாகத் தெரியும் லென்ஸை 8 நாள் மாட்டிக்கொண்டு திரிந்தவர் (1897ல் வந்த கட்டுரை), அந்த வகையில் கொஞ்சம் பிரபலம். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. எல்லோரும் வாசிப்பையே பதிவு செய்துகொண்டிருக்கிறீர்கள், ஒரு உருவத்தைப் பார்க்கும்போது கண் என்ன செய்கிறது? வளைவான கோட்டைப் பார்க்கும்போது உண்மையிலேயே வளைவாகத்தான் போகிறதா?

இருட்டறை, கேமரா, கண்ணில் தெறிக்கும் வெளிச்சம். முன்னால் ஒரு வளைகோடு. அதன் மேல் பார்வையை ஓட்டச் சொல்கிறார். பார்ப்பவருக்கு என்ன தோன்றுகிறது? கண் கோட்டோடு வழுக்கிக்கொண்டு அழகாகப் போவதாகத்தான். தகட்டைக் கழுவிப் பார்த்தால் கிடைத்தது வேறு. அங்கொரு புள்ளி, இங்கொரு புள்ளி, நடுவில் கோணல்மாணலான தாவல்கள். சில இடத்தில் கோட்டுக்கு வெளியே போய் நின்றிருக்கிறது. சில இடத்தில் வளைவையே குறுக்காக வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பதிவை மட்டும் காட்டி 'இவர் எந்த உருவத்தைப் பார்த்தார் சொல்' என்று கேட்டால் சொல்ல முடியாது. உருவம் வழவழப்பு, கண்ணின் பாதை கரடுமுரடு. ஆகவே வளைவின் அழகு கண் தசையின் சுகத்திலிருந்து வருவதில்லை என்று முடிவு எழுதினார். 1906ல் இன்னொரு கட்டுரை. இடதும் வலதும் ஒரே மாதிரி இருக்கும் சமச்சீரான உருவங்களைக் காட்டினார். கண்ணின் பாதையில் சமச்சீர் இல்லை. ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி. பார்ப்பவர் மனதில் மட்டும் உருவம் கச்சிதமாக இருந்தது.

முதல் கட்டுரை எங்கே வெளிவந்தது தெரியுமா? 1902ல், வுண்டின் சொந்தப் பத்திரிகையில், வுண்டின் 70வது பிறந்தநாளுக்காக மாணவர்கள் சேர்ந்து போட்ட சிறப்பு மலரில்! வாத்தியார் மணிவிழா தாண்டிய சந்தோஷத்தில் உட்கார்ந்திருக்கிறார், மாணவன் அவர் கோட்பாட்டின் ஒரு தூணை உருவிக் கையில் கொடுக்கிறான். நம்ம ஊர்ப் பாராட்டு மலர்களை நினைத்துப் பார்த்தேன். 'ஆசானே, தாங்கள் இமயம்' தவிர வேறு எதையாவது எழுதினால் அச்சேறுமா? அந்தப் பத்திரிகைக்கு ஒரு சல்யூட்.

வுண்டின் இன்னொரு மாணவர் சார்லஸ் ஜட், யேல் பல்கலைக்கழகத்தில். கார்னியாவில் சீன வெள்ளைச் சாயத்தின் ஒரு துணுக்கை ஒட்டவைத்து, சினிமா கேமராவால் அதன் அசைவைப் படம் எடுத்தார். அவர் எடுத்துக்கொண்டது 1889ல் ம்யூல்லர்-லையர் வெளியிட்ட பிரபலமான படம். சம நீளமுள்ள இரண்டு கோடு, ஒன்றின் முனைகளில் அம்பு உள்நோக்கி, மற்றதில் வெளிநோக்கி, ஒன்று குட்டை, ஒன்று நீளம் என்று தெரியுமே, அதுதான். 1905ல் வந்த முடிவு கொஞ்சம் குழப்பம். இரண்டு கோட்டிலும் கண்ணின் அசைவு வேறு வேறாகத்தான் இருந்தது. ஆனால் அசைவு வேறானதால் நீளம் வேறாகத் தெரிந்ததா, நீளம் வேறாகத் தெரிந்ததால் அசைவு வேறானதா? (காரணமா விளைவா என்ற இந்தத் தலைவலி எங்கள் எகனாமிக்ஸ் வகுப்பிலும் உண்டு.) படத்தை மின்னல் மாதிரி ஒரு கணம் காட்டினாலும் இந்த மாயம் வேலை செய்கிறது, கண் அசைய நேரமே கொடுக்காவிட்டாலும் கூட. ஆக அசைவுதான் காரணம் என்று சொல்ல முடியாது.

1935ல் சிகாகோவில் கை பஸ்வெல் 200 பேரை உட்காரவைத்து 55 படங்களைக் காட்டிப் பதிவு செய்து ஒரு புத்தகமே போட்டார். ஹோக்குசாயின் பேரலை ஓவியமும் அதில் ஒன்று. அங்கேயும் பார்வை படத்தின் கோடுகளின் மேல் ஊர்வலம் போகவில்லை, சில இடங்களில் குவிந்தது.

இத்தோடு விரல் கதை செத்தது, கண் அசைவுக்கும் வடிவத்துக்கும் சம்பந்தமில்லை என்று முடித்துவிடலாமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்து படித்தது அதைக் கவிழ்த்துப் போட்டது.

கேள்வியைத் திருப்பிக் கேட்டால் என்ன? கண் அசையவே இல்லையென்றால் வடிவம் என்ன ஆகும்?

இதற்கும் பழைய சாட்சிகள் உண்டு. 1804ல் சுவிஸ் டாக்டர் ட்ராக்ஸ்லர் கவனித்தார்: ஒரு புள்ளியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரத்தில் இருக்கும் மங்கலான திட்டுகள் கரைந்து காணாமல் போகின்றன. 1819ல் ப்ராக்கில் புர்கின்யே இன்னொன்று எழுதினார். கண் டாக்டர் டார்ச் அடித்து அசைக்கும்போது இலையுதிர்ந்த மரம் போலக் கறுப்பாக ஒரு கிளைப் பின்னல் தெரியுமே, கவனித்திருக்கிறீர்களா? நம் விழித்திரைக்கு முன்னால் ஓடும் நம்முடைய ரத்தக்குழாய்களின் நிழல் அது. அந்த நிழல் எப்போதும் நம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஏன் எப்போதும் தெரிவதில்லை? ஏனென்றால் அது கண்ணோடு சேர்ந்தே நகர்கிறது. விழித்திரையைப் பொறுத்தவரை அது அசைவதே இல்லை. டார்ச் வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்து ஆடும்போது நிழலும் ஆடுகிறது, உடனே தெரிகிறது.

அப்படியானால் வெளியே இருக்கும் ஒரு படத்தையும் அதே மாதிரி விழித்திரையில் ஆணியடித்த மாதிரி நிறுத்திவிட்டால்? நாம் எவ்வளவுதான் அசையாமல் வெறித்தாலும் கண் முழுசாக நிற்பதில்லை, மிக மெல்லிய நடுக்கமும் நழுவலும் இருந்துகொண்டே இருக்கும். அதனால் கண்ணை நிறுத்த முடியாது. ஆனால் படத்தைக் கண்ணோடு கட்டிவிடலாம். 1952ல் இங்கிலாந்தில் டிட்ச்பர்னும் ஜின்ஸ்போர்கும், 1953ல் ப்ரௌன் பல்கலைக்கழகத்தில் லோரின் ரிக்ஸ் குழுவும் இதைச் செய்தார்கள் (ஆமாம், டெலபார் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்ட அதே ப்ரௌன்). இப்போது பிளாஸ்டருக்குப் பதில் காண்டாக்ட் லென்ஸ், அதில் ஒரு குட்டிக் கண்ணாடி. கண் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தாலும் படமும் அதே பக்கம் அதே அளவு நகரும்படி ஒளிப் பாதையை அமைத்தார்கள்.

படம் மறைந்துவிட்டது. சில நொடிகளில். கண் திறந்திருக்கிறது, வெளிச்சம் விழுகிறது, விழித்திரையில் பிம்பம் ஜம்மென்று இருக்கிறது, ஆனால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியவில்லை. நரம்புகளுக்கு மாற்றம்தான் செய்தி. மாறாத ஒன்றை அவை சொல்லாமல் விட்டுவிடும்.

மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ராய் ப்ரிட்சர்ட் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார். காண்டாக்ட் லென்ஸின் மேல் ஒரு சின்னஞ்சிறு ப்ரொஜெக்டரையே நட்டுவைத்து. 1960ல் ஹெரான், ஹெப் இருவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் சொன்னது, வடிவம் தண்ணீரில் கரையும் உப்பு மாதிரி சீராக மங்கவில்லை. துண்டு துண்டாகக் கழன்றது. ஒரு கோடு போகிறதென்றால் முழுக் கோடும் போகிறது, இணையான கோடுகள் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பி வருகின்றன. ஆங்கில 'ஹெச்'சையும் 'பி'யையும் ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டுக் காட்டினால் ஒரு சமயம் ஹெச் மட்டும், ஒரு சமயம் பி மட்டும், ஒரு சமயம் 3, ஒரு சமயம் 4. அர்த்தமில்லாத கிறுக்கலாக உடைவது அபூர்வம். மூளை வடிவத்தை எந்தெந்தத் துண்டுகளாக வைத்துக்கொண்டிருக்கிறது என்று உள்ளேயிருந்தே எட்டிப் பார்த்த மாதிரி!

இதில் ஒரு நகைமுரண் இருக்கிறது. அந்த ஹெப், டொனால்ட் ஹெப், 1949ல் எழுதிய புத்தகத்தில் பழைய விரல் கதையைப் புது உடுப்பு மாட்டிக் கொண்டுவந்தவர். குழந்தை ஒரு முக்கோணத்தைப் பார்க்கிறது, கண் ஒவ்வொரு மூலைக்கும் போகிறது, ஒவ்வொரு மூலைக்கும் மூளையில் ஒரு செல் கூட்டம் உருவாகிறது, கண்ணின் பயணம் அவற்றைக் கோர்த்து முக்கோணம் ஆக்குகிறது என்று. கண் புரை அகற்றிப் புதிதாகப் பார்வை கிடைத்தவர்கள் மூலைகளை எண்ணித்தான் முக்கோணத்தைச் சொன்னார்கள் என்று ஃபான் ஸெண்டன் 1932ல் தொகுத்திருந்த பழைய அறிக்கைகளை ஆதாரமாக வைத்தார். 1960ன் முடிவுகள் அவருக்குப் பாதி சாதகம், பாதி எதிரிகளுக்கு. துண்டுகளாகக் கழன்றது அவர் கட்சி. 'வடிவம் முழுமையாகவே வருகிறது, கட்டிச் சேர்ப்பதில்லை' என்ற கெஸ்டால்ட்காரர்களுக்கு, நல்ல முழுமையான உருவம் நீண்ட நேரம் தாங்கியது சாதகம். இரண்டையும் மறைக்காமல் எழுதினார்கள்.

அதே காலத்தில் மாஸ்கோவில் ஆல்பிரட் யார்பஸ். இவர் படங்களை நீங்கள் கட்டாயம் எங்காவது பார்த்திருப்பீர்கள், மார்க்கெட்டிங் ஸ்லைடுகளில் வரும் 'பார்வைத் தடங்கள்' எல்லாவற்றுக்கும் மூதாதை. இமையைப் பிளாஸ்திரி போட்டு இழுத்து ஒட்டி, கண் மேல் உறிஞ்சிப் பிடிக்கும் ஒரு குட்டி மூடி, அதில் கண்ணாடி. சில நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ரேப்பின் வரைந்த ஓவியம் ஒன்று, நாடு கடத்தப்பட்டவன் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழைகிறான், குடும்பம் திகைத்துப் பார்க்கிறது. ஒரே ஆளுக்கு அதை ஏழு தடவை, தடவைக்கு 3 நிமிஷம் காட்டினார். முதல் தடவை சும்மா பார்க்கச் சொன்னார், அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை: இவர்கள் வசதியானவர்களா சொல், வயதைச் சொல், உடைகளை ஞாபகம் வைத்துக்கொள், வந்தவன் எத்தனை நாள் வெளியே இருந்திருப்பான் சொல்... ஒரே ஓவியம், ஏழு வேறு வேறு தடங்கள். வயதைக் கேட்டால் முகங்களில், உடையைக் கேட்டால் உடம்பில். கோடு ஒன்றும் கண்ணை இழுத்துப் போகவில்லை, கேள்விதான் இழுத்தது. 1965ல் வந்த அவர் புத்தகம் 1967ல் ஆங்கிலத்தில் வந்தது.

விரல் கதை மூன்றாவது முறையும் பிறந்தது. 1971ல் டேவிட் நோட்டனும் லாரன்ஸ் ஸ்டார்க்கும் ஒரு படத்தை மனப்பாடம் செய்யும்போது கண் போகும் பாதையும் நினைவில் பதிகிறது, பின்னால் அடையாளம் காணும்போது அதே பாதையில் போய்ச் சரிபார்க்கிறோம் என்றார்கள். பாதைகள் பல சமயம் திரும்ப வந்தது உண்மைதான். ஆனால் அடையாளம் காண அது தேவையா? 1996ல் ஃபிரான்ஸில் சைமன் தோர்ப் குழு, முன்பின் பார்த்திராத போட்டோக்களை 20 மில்லிசெகண்ட் மட்டும் காட்டி 'விலங்கு இருக்கிறதா' என்று கேட்டது. 150 மில்லிசெகண்டுக்குள் மூளையில் இருக்கு, இல்லை என்ற வித்தியாசம் தெரிந்துவிட்டது. கண் ஒரு தாவலுக்குத் தயாராவதற்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். டோவேயின் மின்பொறி 155 வருஷம் கழித்து மறுபடி அடித்த மாதிரி.

நான் புரிந்துகொண்ட வரையில் கணக்கு இப்படி நிற்கிறது. கண் வடிவத்தை வரைவதில்லை. ஆனால் அசைவு இல்லாமல் வடிவம் நிலைப்பதும் இல்லை. பெரிய தாவல்கள், நொடிக்கு மூன்று வாக்கில், ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல், கூர்மையான அந்த நகத்தளவு இடத்தை நமக்கு வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைக்கின்றன. குட்டி நடுக்கங்கள் படத்தை அழியாமல் வைக்கின்றன. அது மட்டுமல்ல, 2007ல் மிகேலே ருச்சி குழு காட்டியது, அந்த நடுக்கத்தை ஈடுகட்டி நிறுத்திவிட்டால் நெருக்கமான மெல்லிய கோடுகளைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறைகிறது, அகலமான கோடுகளுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. பல காலம் 'கண்ணின் குறை' என்று நினைத்திருந்த நடுக்கம் ஓரங்களைத் தீட்டிக் கொடுக்கிற வேலையைச் செய்கிறது.

கடைசியாக ஒருவர். 1997ல் இயன் கில்கிறிஸ்ட், வலெரி ப்ரௌன், ஜான் ஃபிண்ட்லே மூவரும் ஒரு இளம்பெண்ணைப் பற்றி எழுதினார்கள், கட்டுரையில் ஏ.ஐ. என்ற எழுத்துகள் மட்டும் (இப்போதைய ஏ.ஐ. இல்லை!). கல்லூரி மாணவி. பிறவியிலேயே கண் தசைகள் நாராக இறுகிப்போய்க் கண்ணைத் திருப்பவே முடியாது. விரல் கதை உண்மையென்றால் அவருக்கு வடிவமே தெரிந்திருக்கக் கூடாது. அவர் நன்றாகப் படித்தார், படங்களைப் பார்த்தார். எப்படி? தலையால். தலை தாவும், நிற்கும், தாவும், நிற்கும். நம் கண் எப்படியோ அப்படி. யாரும் சொல்லித்தராமல். பின்னால் மைக்கேல் லேண்ட் குழு அவர் டீ போடுவதைப் பதிவு செய்தார்கள். கெட்டில், கோப்பை, பால் என்று தலை ஒவ்வொன்றாகத் தாவித் தாவி நிற்க, டீ ஒழுங்காகத் தயாரானது.

போன செமஸ்டரில் அந்தக் கேள்வி வந்தது. 'விளம்பர வடிவமைப்பில் கோடுகளின் பங்கு', 5 மார்க். ஹோகார்த், ஸ்ட்ராட்டன், பிறந்தநாள் மலர் எல்லாம் மண்டைக்குள் வரிசையாக நின்றன. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் யோசித்தேன். அப்புறம் 'வளைந்த கோடுகள் பார்ப்பவரின் கண்ணைத் தம்மோடு இழுத்துச் செல்லும்' என்றே எழுதிவிட்டு வந்தேன். 4 போட்டிருந்தார்கள்.